மேல்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது

டீசல் வாகனம் கறுப்பாகப் புகைத்தால் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் கூடிப்போயிற்று. வெள்ளையாகப் புகைத்தால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது, இல்லாவிட்டால் றேடியேற்றர் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறது. நீலமாகப் புகைத்தால் ஓயில் எரிகிறது. இந்த மூன்றையும் நான் சொல்லிக் கேட்காதவர்கள் வெள்ளவத்தையில் குறைவு. கல்யாண மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு செத்தவீட்டில், பிரேதம் எடுக்கும்வரை வாசலில் நின்ற நேரத்திலும் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு நின்றவர் இறந்தவரின் கூடப்பிறந்த தம்பி. இவ்வளவும் தெரிந்த ஒருவனின் கார் கறுப்பாகப் புகைத்தபோது அவன் என்ன செய்தான் என்பதுதான் இங்கே விஷயம்.

கார் டொயோட்டா கொரோலா, 110 மாடல், டூ சீ எஞ்சின். தொண்ணூறுகளில் செய்தது. அதில் கம்பியூட்டர் இல்லை, டர்போ இல்லை. எல்லாம் இரும்பும் திருகுமாக இருப்பதால் அது எனக்கு விளங்கும் என்று நான் நம்பினேன். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் பழைய கார் வைத்திருந்த எல்லோரும் சொத்துக்காரர் ஆனோம். நான் என் கொரோலாவைப் பார்க்கும் பார்வையும் மாறியது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கேட்டு வந்த தரகர்களை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் தகப்பன் மாதிரி, குறை சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

இடையில் 2022 வந்தது. ஜனவரியில் ஒரு லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், ஜூன் கடைசியில் 460. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனது. அதற்கு முன்பே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். கிடைத்த டீசலை பிளாஸ்டிக் கான்களில் ஊற்றி, நாலாம் மாடி பல்கனியில், மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கார் கீழே நிறுத்துமிடத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ஒரு நெருப்புக்குச்சி விழுந்தால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். டீசல் பெற்றோல் மாதிரிச் சட்டென்று பற்றாது என்று விளக்கினேன். அவள் அதற்குப் பிறகு பல்கனிக்கு உடுப்புக் காயப்போடப் போவதையே விட்டுவிட்டாள்.

நிலைமை கொஞ்சம் சீரானதும் அந்தக் கான் டீசலை ஊற்றி, புது பற்றரி போட்டுக் காரை எடுத்தேன். ஸ்டார்ட் ஆனது. காலி வீதியில் சமதரையில் ஓடியது. தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் மூச்சு விட்டுவிட்டது. இரண்டாவதுக்கு மாற்றி அழுத்தினேன். கண்ணாடியில் பின்னால் வந்த ஓட்டோவைக் காணவில்லை, கறுப்புத்தான் தெரிந்தது. பாலம் இறங்கியதும் அந்த ஓட்டோக்காரர் பக்கத்தில் வந்து சிங்களத்தில் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை.

வலு இல்லை, கறுப்புப் புகை. நான் கல்யாண மண்டபத்தில் சொல்லும் பாடத்தின் முதல் வரி. ஆனால் என் மனம் கான்களுக்குப் போய்விட்டது. பல்கனியில் மழையில் நனைந்த டீசல், தண்ணீர் கலந்திருக்கும், அடியில் பாசி பிடித்திருக்கும். (டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கொழகொழவென்று படியும் என்பது உண்மைதான், பாதி உண்மை தெரிந்தவனுக்கு அதுவே போதும்.) டீசல் பில்டரை மாற்றினேன். பில்டருக்கு அடியிலுள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து பார்த்தேன். சில துளி வந்தது. அந்தச் சில துளியைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டாங்கியை இறக்கிக் கழுவினேன். ஹேண்ட் பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றியதில் பெருவிரல் வீங்கியது. கார் முன்னைப் போலவே புகைத்தது.

டீசல் எஞ்சினின் அடிப்படை இது. பெற்றோல் எஞ்சினில் அக்சிலரேற்றரை அமுக்கினால் காற்றுக்கான கதவு திறக்கிறது. பழைய டீசல் எஞ்சினில் அப்படிக் கதவு கிடையாது. காற்று எப்போதும் முழுதாக உள்ளே போகும்; நாம் காலால் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டும்தான். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலும் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் பற்றும், அவ்வளவுதான். என் காரில் காற்று இருபது மடங்குக்கு மேல் இறுக்கப்படுகிறது. ஆகவே டீசல் பில்டர் அடைத்தால் என்ன நடக்கும்? டீசல் குறையும், காற்று மிஞ்சும். வலு போகும், ஆனால் கறுப்பாகப் புகைக்காது. புகைப்பதற்கு வேண்டிய டீசலே இல்லையே. அதை நான் பெருவிரலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன்.

எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒரு மாமா இருந்தார். இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்களில் கை வைத்தவர்; அந்த எஞ்சின்களுக்கு அல்பேர்ட்டா போன்ற கனடிய மாகாணங்களின் பெயர்கள். மரைன் டிரைவ் ஓரமாக ரயில் போகும்போது அவர் பெட்டிகளைப் பார்க்கமாட்டார், எஞ்சின் புகையைப் பார்ப்பார். அவர் லிஃப்டில் என்னைக் கண்டு கேட்டார்.

"தம்பி, காத்தைப் பாத்தனீரோ?"

"பாத்தனான் மாமா. பில்டர் வெள்ளை வெளேரெண்டு கிடக்கு."

பொய் சொல்லவில்லை. பொனட்டைத் திறந்து, காற்றுப் பில்டர் பெட்டியின் கிளிப்புகளை நீக்கி, மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தேன். கடதாசி வெள்ளையாக இருந்தது. மூடிவிட்டேன். மாமா "ம்" என்று மட்டும் சொல்லி மூன்றாம் மாடியில் இறங்கிப் போனார். அவர் சொன்னது எனக்கு ஏறாததற்கு ஒரு காரணம் உண்டு. காற்று என்பது காசில்லாத விஷயம். இவ்வளவு பெறுமதியான காருக்கு வந்த நோயும் அதற்கேற்ற பெறுமதியோடு இருக்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன்.

மற்ற இரண்டு நிறங்களையும் தேடிப் பார்த்தேன். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் புகையில் ஒரு இனிப்பு வாடை வரும் என்பதால் காலையில் சைலன்சருக்குப் பின்னால் முழங்காலில் நின்று மோந்தேன். மேல்மாடிப் பெண்மணி தன் பிள்ளையை வேறு வழியாகப் பள்ளிக்கூட வானுக்குக் கூட்டிப் போனார். மாலை வெயிலில் புகை எனக்கு நீலமாகத் தெரிந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று ஒரு வாரம் துக்கம் அனுபவித்தேன். ஓயில் குச்சியில் அளவு ஒரு மயிரளவுகூடக் குறையவில்லை என்பதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே துக்கம் அனுபவித்தேன்.

அடுத்தது நொசில். நாலு நொசிலையும் நானே கழற்றி, பழைய பத்திரிகையில் சுற்றி, கொட்டாஞ்சேனையில் ஒரு டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பையன் ஒவ்வொன்றாகக் கைப்பம்பில் மாட்டி அமுக்கினான். டீசல் பனி மாதிரிப் பறந்தது. நுனியில் ஒரு சொட்டும் தொங்கவில்லை.

"நல்லா இருக்கு அண்ணே. அப்படியே போட்டுடுங்க."

நல்லது என்று கேட்டு ஒருவர் முகம் வாடுவதை அவன் அன்றைக்குத்தான் பார்த்திருப்பான். நொசிலுக்கு அடியில் வைக்கும் செப்பு வாஷரை ஒருமுறை கழற்றினால் புதிது போடவேண்டும் என்றும் சொன்னான். நொசிலில் காசு போகாததால் மிச்சம் பிடிக்கும் வெறி எனக்கு வாஷரில் வந்தது. பழையதையே போட்டு இறுக்கினேன். எஞ்சினில் சுக் சுக் என்று காற்றுக் கசியத் தொடங்கியது. மறுபடியும் நாலையும் கழற்றினேன். வாஷர் வாங்கத் திரும்பவும் கொட்டாஞ்சேனை. பையன் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். அதுதான் அதிகம் வலித்தது.

இனி வருவது எல்லாவற்றிலும் மோசம். டீசல் பம்பின் பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். தொழிற்சாலையில் அளந்து வைத்து, யாரும் தொடாமலிருக்கக் கம்பி கட்டி ஈயமுத்திரை போட்டு அனுப்புவார்கள். முத்திரை என்பது என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. அதை நான் குறட்டால் வெட்டினேன். திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பினேன். ஐட்லிங் ஏறியது. அதை இன்னொரு திருகால் குறைத்தேன். மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம், இப்ப நல்லா இழுக்குது என்றேன்.

"இஞ்சாருங்கோ, பின்னால பாருங்கோ" என்றாள் அவள்.

கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் சேலைத் தலைப்பாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். ஏற்கெனவே காற்றுப் போதாத எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் டீசல் கொடுத்திருந்தேன். அது வலுவாகவில்லை, கரியானது. அப்படியே நெடுந்தூரம் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் சூட்டில் வெடித்திருக்கும்.

இதற்கிடையில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அது கிடைக்காது. மேல் மாகாணத்தில் 2008 முதல் இருக்கும் நடைமுறை இது. டீசல் வாகனத்துக்குச் சோதனை சுலபம்: சைலன்சருக்குள் குழாயை விட்டு, கியர் போடாமல், அக்சிலரேற்றரை அடிவரை சட்டென்று அமுக்கி விடுவார்கள். சில தடவை. புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று கருவி அளந்து சொல்லும். நான் ஒரு போத்தல் மருந்தை டாங்கியில் ஊற்றி, காபன் பறக்கட்டும் என்று வழியெல்லாம் ரேஸ் பண்ணிக்கொண்டுதான் போனேன். பரிசோதனை நிலையத்துப் பையன் அமுக்கினான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இருவர் தங்கள் வாகனங்களைப் பின்னுக்கு எடுத்தார்கள். தோல்வி என்று அச்சடித்துக் கையில் தந்தபோது, கருவியில் பிழை இருக்கக்கூடாதா என்று கேட்டேன். "சேர், நீங்களே பாருங்க" என்று அவன் கூரையைக் காட்டினான். புகை இன்னும் அங்கே நின்றது.

கடைசியில் கொட்டாஞ்சேனைக்கே காரைக் கொண்டுபோனேன். சாந்த லூசியா தேவாலயத்துப் பக்கம், சந்துக்குள் ஒரு சின்னக் கராஜ். பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் முன்னுரை தொடங்கினேன்: டாங்கி கழுவியது, நொசில் பார்த்தது, ரிங் பற்றிய என் சந்தேகம். அவர் ஸ்டார்ட் பண்ணச் சொல்லவே இல்லை.

"ஏர் பில்டர் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பாஸ். வெள்ளையா இருக்கு."

"கீழ்ப்பக்கம்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் மூடியைத் திறந்து பில்டரை வெளியே எடுத்துத் திருப்பினார். இந்தக் காரில் வெளிக்காற்று பெட்டிக்கு அடியால் நுழைகிறது. பில்டரின் கீழ்ப்பக்கம் அழுக்குப் பக்கம். மேல்பக்கம் வடிகட்டிய காற்று எஞ்சினுக்குப் போகும் பக்கம். அது எந்த நாளும் வெள்ளையாகத்தான் இருக்கும். நான் பார்த்து மகிழ்ந்தது அதை. கீழே பெட்டிக்குள் தும்பு, கந்தல், கடித்துத் துப்பிய ஸ்பொஞ்ச், பொலித்தீன், பத்திரிகைத் துண்டுகள். கார் எரிபொருளில்லாமல் நின்ற மாதங்களில் ஒரு எலி அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது. காற்று வரும் குழாயின் வாய் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. ஒரு லீற்றர் டீசல் சரியாக எரிய ஏறத்தாழ பத்தாயிரம் லீற்றர் காற்று வேண்டும். அதை என் கார் எலிக்கூட்டுக்கூடாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பாஸ் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து குழாயைக் கழற்றி எஞ்சினை நேரே மூச்சு விடச் செய்து ரேஸ் பண்ணினார். புகை குறைந்தது, ஆனால் போகவில்லை. அவர் குனிந்து பம்பைப் பார்த்தார்.

"இதை யார் திருப்பினது?"

"முந்திப் பார்த்த பாஸ்" என்றேன்.

அவர் என் விரல் நகங்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை. பம்பை இறக்கி, மேசையில் பூட்டி அளந்து சரிசெய்து, மறுபடி முத்திரை போட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றார். எலிக்கூட்டை எடுத்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. பம்புக்கு நான் கொடுத்த தொகையை மனைவிக்குப் பாதியாகச் சொன்னேன். இதைப் படித்தால் மீதியையும் தெரிந்துகொள்வாள். புகைப் பரிசோதனையில் கார் அடுத்த முறை சித்தியடைந்தது.

இதோடு நின்றிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் அனுபவப்பட்டவனுக்கு வாய் சும்மா இருக்காது. மனைவியின் தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு டொல்பின் வான் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான். "அத்தான், வான் இழுக்குதில்லை" என்று போன் பண்ணினான்.

"புகை?"

"ஒண்டுமில்லை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வலு இல்லை, புகையும் இல்லை. அப்படியென்றால் காற்று அல்ல, டீசல் பக்கம்தான். இந்தத் தடவை பாடம் சரியாகப் படித்தவனாகப் போனேன். டீசல் பில்டரை மாற்றினோம். டாங்கிக்குள் இருக்கும் வலையைப் பார்த்தோம். பம்புக்கு வரும் குழாய்க்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, காற்றுக்குமிழி ஓடுகிறதா என்று பார்த்தோம்; எங்கேயாவது காற்றை இழுத்தால் அதில் தெரியும். ஒரு குமிழியும் இல்லை. மச்சானின் மகளை சாரதி ஆசனத்தில் ஏற்றி, நல்லா அமுக்கு, இன்னும் அமுக்கு என்று நான் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தினேன்.

"மாமா, முட்டுது" என்றாள்.

"என்ன முட்டுது?"

"பாய்."

பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதிய றப்பர் பாய். தடிப்பானது, அளவு சரியில்லாதது. முன்னுக்கு நகர்ந்து மடிந்து, அக்சிலரேற்றருக்கு அடியில் போய்க் கிடந்தது. அவள் அதை இழுத்து எறிந்தாள். மிதி இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது. வான் உறுமியது. என் கொள்கையில் பிழை இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன்: எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்று சொன்னேன், போதாமல்தான் இருந்தது. மச்சான் தேத்தண்ணி போடச் சொல்ல உள்ளே போனான். சிரித்து முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

டீசல் வாகனம் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. வலு குறைந்தால் முதலில் ஒருவரை உள்ளே இருத்தி அக்சிலரேற்றரை முழுதாக அமுக்கச் சொல்லி, பம்பிலுள்ள நெம்பு கடைசித் திருகில் போய்த் தொடுகிறதா என்று பாருங்கள். கறுப்பாகப் புகைத்தால் காற்றுப் பில்டரை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெட்டிக்குள்ளும் கையை விடுங்கள். நொசிலைக் கழற்றினால் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஈயமுத்திரையை வெட்டாதீர்கள். செத்தவீட்டில் யாராவது உங்கள் பக்கத்தில் வந்து புகையின் நிறத்தைப் பற்றிக் கேட்டால், கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.